தாகூர் உதறிய விருந்து

மந்தைவெளியிலிருந்து ஆற்றைக் கடந்தால் அடையாறு. உலகின் அறிவெல்லாம் வந்து கலக்கும் இந்தியக் கல்வி மையம் ஒன்று வேண்டுமென்று 1919-இல் அங்கு உரையாற்றினார் ரவீந்திரநாத் தாகூர். 1921-இல் அக்கனவு சாந்திநிகேதனில் விசுவபாரதியாக உருப்பெற்றது. அதன் வழியாகத்தான் முசோலினி அவரை நெருங்கினார். 1925-இல் இத்தாலிய நூல்களை அன்பளிப்பாக அனுப்பினார். ஃபார்மிக்கி, துச்சி என்னும் பேராசிரியர்களும் வந்தனர். எப்போதும் நிதிக்குத் தவித்த நிறுவனத்துக்கு அது பெருங்கொடை.

1926 மே இறுதியில் தாகூர் அரசு விருந்தினராக இத்தாலி சென்றார். முசோலினியை எதிர்த்த சோசலிஸ்ட் தலைவர் மத்தேயோத்தி கொலையுண்டு அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. கவிஞர் நாகரிகம் கருதிச் சொன்ன சொற்களை ஃபாசிச ஏடுகள் ஆட்சிக்கான புகழுரையாக்கின. அதிகார மயக்கம் சற்று அவரையும் தொட்டது என்றே கொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் ரோமன் ரோலந்து உண்மையை எடுத்துரைத்தார். வியன்னாவில், மத்தேயோத்தி குடும்பத்தின் வழக்குரைஞர் மோதிலியானி அடக்குமுறையை விவரித்தார். 65 வயதுக் கவிஞர் தயங்கவில்லை. ஆண்ட்ரூஸுக்கு எழுதிய கடிதமாக, ஆகஸ்டில் மான்செஸ்டர் கார்டியன் இதழில் ஃபாசிசத்தைக் கண்டித்தார். இத்தாலிய ஏடுகள் வசைபாடின. விசுவபாரதிக்கான ஆதரவும் நின்றது.

மறு ஆண்டு ரோம் சென்ற சர்ச்சில், முசோலினியை மெச்சித்தான் பேசினார்.