மூன்று முறை உடைந்த ஃபோர்க்: முதல் மஞ்சள் ஜெர்சிக்காரர் கிறிஸ்தோஃபின் கதை

டூர் டி பிரான்ஸ் என்றதும் நம்ம கண்ணு முன்னாடி வர்றது அந்த மஞ்சள் ஜெர்சிதான். யார் முன்னிலையில் இருக்காரோ அவர் போட்டுக்கிட்டு ஓட்டுவார். சரி, அதை முதன்முதலில் போட்டவர் யார்? யூஜீன் கிறிஸ்தோஃப். பாரிஸ் பக்கத்துல இருக்கிற மாலகோஃப்பில் 1885-ல் பிறந்தவர். 11 முறை டூரில் கலந்துகொண்டவர். ஒரு முறைகூட ஜெயிக்காதவர்.

கால்ல பலம் இல்லாம தோத்தவர் இல்லை. இரண்டு டூர்கள் அவர் கையை விட்டுப் போன நேரத்தில் உடைஞ்சது ஒரே பாகம்: முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க். வார இறுதியில் ரோடு பைக் எடுத்துக்கிட்டுக் கிளம்புறவங்க, செயினுக்கு எண்ணெய் விடுவாங்க, டயர்ல காத்து பார்ப்பாங்க. ஃபோர்க்கைக் குனிஞ்சு பார்க்கிறவங்க எத்தனை பேர்?

பூட்டு வேலைக்காரர்

சைக்கிளுக்கு வர்றதுக்கு முன்னாடி கிறிஸ்தோஃப் பூட்டு செய்யும் தொழில் கத்துக்கிட்டவர். அரம், உலை, இரும்பு எல்லாம் பழகின கை. இந்த ஒரு விவரத்தை நினைவில் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

1906-ல் முதல் டூர். பெயர் வாங்கிக் கொடுத்தது 1910-ல் நடந்த மிலான் - சான் ரெமோ. ஏப்ரல் மாசம், ஆனா மலையில் பனி கொட்டுது. 60-க்கும் மேற்பட்டவர்கள் கிளம்பிய போட்டியில், முடிவுப் பட்டியலில் இடம்பிடித்தது 4 பேர். 12 மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி முதலாவதாக வந்தார் கிறிஸ்தோஃப். வழியில் குளிரில் விறைத்து, ஒரு வீட்டில் ஒதுங்கி, காய்ந்த துணி மாற்றிக்கொண்டு மறுபடி ஏறியவர். ஜெயித்த கையோடு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

1912 டூரில் அடுத்தடுத்து மூன்று ஸ்டேஜ் ஜெயித்தார். அதில் ஒன்றில் சுமார் 315 கிலோமீட்டர் தன்னந்தனியாக முன்னால் போனார். யாருடைய முதுகுக்குப் பின்னாலும் ஒதுங்காமல் காற்றை நேரடியாக வாங்கிக்கொண்டு 315 கிலோமீட்டர்! கூட்டமாக ஓட்டிப் பழகினவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு புரியும்.

ஆனா அந்த டூரை அவர் ஜெயிக்கலை. காரணம், கணக்கு. அப்போ நேரத்தை வைத்து வெற்றியாளரைத் தீர்மானிக்கலை, இடத்தை வைத்துத் தீர்மானித்தார்கள். முதலாவது வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2 புள்ளி. கடைசியில் யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தார். ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் ஒரு மணி நேரம் முன்னால் வந்தாலும் வித்தியாசம் ஒரே புள்ளிதான். நீண்ட தூரம் தனியாகப் பாய்ந்து போகும் கிறிஸ்தோஃபின் பாணிக்கு இந்த விதி சுத்தமாக ஒத்துவரலை. தினமும் முன்வரிசையில் வந்து சேர்ந்த பெல்ஜியத்தின் ஓடில் டிஃப்ராயே 49 புள்ளிகளோடு ஜெயித்தார். இரண்டாவது வந்த கிறிஸ்தோஃபுக்கு 108. பலசாலிக்கும் விதி தெரிஞ்சு ஓட்டுறவருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி இது. அடுத்த வருஷமே டூர் நேரக் கணக்குக்குத் திரும்பியது.

1913: தூர்மலே இறக்கம்

இப்போ அவருடைய வருஷம்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆறாவது ஸ்டேஜ், பயோனில் இருந்து லூஷோன் வரை, பிரனீஸ் மலைகள் வழியாக 326 கிலோமீட்டர். அதிகாலை 3 மணிக்குக் கிளம்புகிறார்கள். அன்றைய சைக்கிளில் இன்றைய மாதிரி கியர் கிடையாது; டூரில் டிரெய்லர் கியரை அனுமதித்ததே 1937-ல்தான். ஏற்றம் வந்தால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டு, மறுபக்கப் பல்சக்கரத்தில் ஓட்டணும். சாலை, ஜல்லியும் மண்ணும்.

மேலே ஏறும்போதே டிஃப்ராயே வெகுவாகப் பின்தங்கிவிட்டார். தூர்மலே உச்சியை பிலிப் தைஸ் முதலில் தாண்ட, சற்றுப் பின்னால் கிறிஸ்தோஃப். மொத்தக் கணக்கில் அந்த நிமிடம் டூர் அவர் பக்கம். இறக்கத்தில் வேகம் பிடித்தபோது ஃபோர்க் முறிந்தது.

இன்றைக்கு என்றால் பின்னால் வரும் காரில் இருந்து வேறு சைக்கிள் வந்துவிடும். அன்றைக்கு டூரை நடத்திய ஆன்ரி டெக்ராஞ்ச் வைத்திருந்த விதி வேறு. வீரர் யார் உதவியும் வாங்கக் கூடாது, சைக்கிளை மாற்றக் கூடாது, எது உடைந்தாலும் தானே சரிசெய்யணும். கிறிஸ்தோஃப் சைக்கிளைத் தோளில் தூக்கி, முன் சக்கரத்தை மறு கையில் பிடித்து நடந்தார். 10 கிலோமீட்டருக்கும் மேல். பின்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைக் கடந்து போனார்கள்.

மலையடிவாரத்தில் சாந்த் மரி த கம்பான் என்ற ஊர். கொல்லுப்பட்டறைக்கு வழி காட்டியது ஒரு சின்னப் பெண். பட்டறைக்காரர் உதவத் தயாராக இருந்தார், ஆனால் தொடக் கூடாது. போட்டி அதிகாரிகள் பக்கத்திலேயே நின்று பார்க்கிறார்கள். அவர் வாயால் வழி சொல்லலாம், இரும்பைக் கொடுக்கலாம், அவ்வளவுதான். முன்பு கற்ற தொழில் இங்கே கைகொடுத்தது. குழாயை அளந்து வெட்டி, அரத்தால் ராவி, உலையில் காய்ச்சி, உடைந்த இடத்தில் பொருத்திப் பற்றவைத்தார்.

ஒரு சிக்கல். இரண்டு கையாலும் வேலை செய்யும்போது துருத்தி போட மூன்றாவது கை வேணுமே? பட்டறையில் இருந்த சிறுவன் ஊதினான். அதிகாரிகள் அதையும் எழுதிக்கொண்டார்கள். வெளி உதவி வாங்கியதற்கு 10 நிமிட அபராதம். பிறகு 3 நிமிடமாகக் குறைத்தார்கள். நேரம் மணிக்கணக்கில் போன ஒருவருக்கு இந்த அபராதம் எதுக்கு என்று இன்றைக்கும் கோபம் வருது. டெக்ராஞ்சைக் கேட்டால், விதி என்றால் விதி.

ஃபோர்க்கைச் சரிசெய்து மறுபடி ஏறி, ஆஸ்பின், பெய்ரசூர்த் என்று இன்னும் இரண்டு மலைகளைத் தாண்டி லூஷோன் போய்ச் சேர்ந்தார். தைஸைவிட 3 மணி 50 நிமிடம் பின்னால்.

உடையாமல் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாரா? பல இடங்களில் உறுதியாக அப்படித்தான் எழுதுறாங்க. ஆனா டூர் முடியும்போது அவர் 7-வது இடம், தைஸைவிட 14 மணி நேரத்துக்கும் மேல் பின்னால். அந்த ஒரு நாள் இழப்பு மட்டும் இல்லை இது. வெற்றி கைவிட்டுப் போன பிறகு ஓட்டியதையும், வெற்றிக்காக ஓட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதையும் ஒப்பிட முடியாதுதான். அதனால் அன்றைக்கு அவர் இழந்தது வெற்றி வாய்ப்பு என்று சொல்வதே சரி.

1919: மஞ்சளோடு வந்த துயரம்

உலகப் போரால் 1915 முதல் 1918 வரை டூரே இல்லை. 1919-ல் திரும்ப ஆரம்பித்தபோது கிறிஸ்தோஃபுக்கு வயது 34. நான்காவது ஸ்டேஜில் ஆன்ரி பெலிசியே விலக, முன்னிலை இவருக்கு வந்தது. போருக்குப் பிந்தைய தட்டுப்பாட்டில் பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே அணியாக வீரர்களை இறக்கியதால், பலரும் ஒரே மாதிரி சாம்பல் நிறச் சட்டையில் ஓட்டினார்கள். யார் முன்னிலை என்று பார்வையாளர்களுக்குத் தெரியலை. ஜூலை 19, கிரெனோபிளில் கிறிஸ்தோஃபுக்கு மஞ்சள் ஜெர்சி கொடுத்தார்கள். டூரை நடத்திய லோட்டோ பத்திரிகையின் தாள் நிறமும் மஞ்சள்தான். 1913-லேயே தனக்கு அப்படி ஒன்று கொடுத்தார்கள் என்று தைஸ் பிற்காலத்தில் சொன்னார். அதிகாரபூர்வக் கணக்கு 1919-ல்தான் தொடங்குகிறது.

கடைசிக்கு முந்தைய ஸ்டேஜ். மெட்ஸில் இருந்து டன்கிர்க், 468 கிலோமீட்டர். இரண்டாம் இடத்தில் இருந்த ஃபிர்மின் லாம்போவைவிட 28 நிமிடம் முன்னிலை. வடக்கு பிரான்ஸின் கல் பாவிய சாலைகள், அதிலும் போர் சிதைத்தவை. வலென்சியென் பக்கத்தில் ஃபோர்க் மறுபடி உடைந்தது.

ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, இம்முறையும் தானே சரிசெய்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் போனது. மஞ்சள் ஜெர்சி லாம்போவுக்குப் போனது. பாரிஸ் வந்து சேர்ந்தபோது கிறிஸ்தோஃப் மூன்றாம் இடம்.

ரசிகர்களால் தாங்க முடியலை. லோட்டோ நிதி திரட்ட ஆரம்பித்ததும், பிரான்ஸ் முழுக்க இருந்து சின்னச் சின்னத் தொகையாக வந்து 13,000 பிராங்கைத் தாண்டியது.

ஏன் ஃபோர்க்?

ஃபோர்க்கின் இரண்டு கால்களும் மேலே ஒரு தோளில் சேரும்; அங்கிருந்து ஸ்டியரர் குழாய் ஹேண்டில்பார் வரை போகும். முன் பிரேக்கைப் பிடிக்கும்போது சைக்கிளின் வேகம் முழுக்க அந்தத் தோளைத்தான் வளைக்கப் பார்க்கும். கல் சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் அதே இடத்தில் அடி. ஒரே கம்பியை முன்னும் பின்னும் வளைச்சுக்கிட்டே இருந்தா எப்படி முறியுமோ, அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத விரிசலாக ஆரம்பித்து, ஒரு நாள் மொத்தமாக விட்டுவிடும். பற்றவைக்கும்போது சூடு அதிகமானால் அந்த இடமே பலவீனமாகிவிடும்.

இன்றைய ஸ்டீல், அலாய், கார்பன் ஃபோர்க்குகள் எவ்வளவோ மேல். ஆனாலும் அடி விழும் இடம் மாறலை. ஸ்டீல் பெரும்பாலும் வளைந்தோ, பெயின்ட் வெடித்தோ முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் போகக்கூடும். அதனால் கீழே விழுந்த பிறகு, வெளியே கீறல் இல்லையே என்று விட்டுவிடாதீங்க. சக்கரத்தைக் கழற்றி, மெல்லிய துணியால் ஃபோர்க்கைத் தோள் வரை துடைச்சுப் பாருங்க. நூல் மாட்டினால் அங்கே ஏதோ இருக்கு. முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டும்போது கடக் என்று சத்தம் வந்தால், முதல் சந்தேகம் ஹெட்செட் லூஸ் என்பதுதான். இறுக்கியும் போகலைன்னா ஃபோர்க்கைக் கழற்றிப் பார்க்கணும். கார்பன் ஸ்டியரரில் ஸ்டெம் போல்ட்டை கை போன போக்கில் முறுக்காதீங்க. ஸ்டெம்மிலேயே எத்தனை நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருப்பார்கள். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் கடையில் கொடுத்து முறுக்குங்க. கனமான ஆட்கள், மோசமான சாலையில் ஓட்டுறவங்க, இருநூறு கிராம் எடையைக் குறைக்க ஃபோர்க்கை மாற்றுவது என் பார்வையில் வீண் வேலை.

மூன்றாவது முறை

1922. கிறிஸ்தோஃபுக்கு 37 வயது. மறுபடி மஞ்சள் ஜெர்சி வந்தது. அதை அணிந்தவர்களில் மிக மூத்தவர் என்ற சாதனை இன்றும் அவர் பெயரில்தான். சில நாட்களில் முன்னிலை போனது. பிறகு ஆல்ப்ஸில், காலிபியே இறக்கத்தில் ஃபோர்க் உடைந்தது. கதையாக எழுதினால் எடிட்டர் நம்பமாட்டார்.

இடையில் 1920-ல் பாரிஸ் - டூர் போட்டியையும், 1920, 1921 இரண்டு வருஷமும் போர்தோ - பாரிஸையும் ஜெயித்திருந்தார். சைக்கிளோ கிராஸில் ஏழு முறை பிரான்ஸ் சாம்பியன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் விளையாட்டு அது, அவருக்குப் பழக்கமானதுதான். கடைசி டூர் 1925-ல், 40 வயதில்.

அதன் பிறகும் அவர் பெயர் லட்சக்கணக்கான கால்களில் இருந்தது. பெடலில் காலைப் பிடித்துவைக்கும் டோ கிளிப்பும் தோல் பட்டையும் கிறிஸ்தோஃப் என்ற பெயரில் விற்பனையாகி, கிளிப்லெஸ் பெடல் வரும் வரை பல பத்தாண்டுகள் ரேஸ் சைக்கிள்களில் இருந்தன. பழைய ஸ்டீல் பைக் சேகரிக்கிறவங்க இன்றைக்கும் அந்தப் பட்டையைத் தேடி வாங்குறாங்க.

1970 பிப்ரவரி 1-ம் தேதி பாரிஸில் இறந்தார், 85 வயது. சாந்த் மரி த கம்பானில், அந்தக் கொல்லுப்பட்டறை இருந்த சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கு. 2014-ல் ஊரில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். தூர்மலே ஏறப் போகிற அமெச்சூர் ஓட்டுநர்கள் அங்கே நின்று பாட்டிலில் தண்ணீர் பிடிச்சுக்கிட்டுக் கிளம்புறாங்க. சிலையில் அவர் கையில் இருப்பது கோப்பை இல்லை, ஃபோர்க்.