டாக்டர் லூசி வில்ஸ் அம்மையார்

கருவுற்ற பெண் வெளிறிச் சோர்ந்து கிடந்தால், அதனை விதி என்றும் கண்ணேறு என்றும் கூறி அமைந்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலம் நிலவிற்று. அச்சோர்வின் காரணத்தை உண்கலத்தில் தேடிக் கண்ட ஒரு பெண்மணியின் வரலாற்றைக் கடியப்பட்டணத்து இளைஞர்க்கும் உறுப்பினர்க்கும் இம்மலர் வாயிலாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

லூசி வில்ஸ் அம்மையார் 1888ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அண்மையில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் நியூன்ஹாம் கல்லூரியில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, 1911இல் படிப்பை முடித்தார். ஆயினும் அவருக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பெண்கள் கற்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் மட்டும் பெறலாகாது என்பதே அன்று அப்பல்கலைக்கழகத்தின் விதி. அது மாற 1948 வரை ஆயிற்று. பள்ளி வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டோரின் வழிவந்த நமக்கு இவ்வநீதியை விளக்க வேண்டுவதில்லை. அம்மையார் மனந்தளரவில்லை. லண்டனில் பெண்களுக்கென நடைபெற்ற மருத்துவப் பள்ளியில் சேர்ந்து, 1920இல் மருத்துவரானார்.

1928இல் அவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் பலர் கடும் இரத்தசோகையால் மாண்டுகொண்டிருந்தனர். அவர்தம் குருதியில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் காணப்பட்டன. கிருமியே காரணமோ என்று ஹாஃப்கின் நிலையத்தில் ஆராய்ந்தார். அதற்குச் சான்று கிட்டவில்லை. அதன்பின் அப்பெண்கள் என்ன உண்கின்றனர் என்று கேட்கத் தொடங்கினார். செல்வர் வீட்டு உணவையும் வறியோர் உணவையும் ஒப்பிட்டார். வறியோர் உண்ட உணவையே எலிகளுக்கு அளித்தபோது அவையும் சோகையுற்றன. ஈஸ்ட் சேர்த்தபோது தேறின.

பின்னர்க் குரங்குகளிடத்தும் ஆய்வு நிகழ்ந்தது. சோகையுற்ற குரங்கொன்றுக்கு மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். அது வியக்கத்தக்க வகையில் நலமடைந்தது. நோயுற்ற பெண்களும் அவ்வாறே தேறினர். 1931இல் இம்முடிவு வெளியாயிற்று. விலை மிகுந்த ஈரல் மருந்தை வாங்க இயலாத ஏழைக்கும் எட்டக்கூடிய மருந்து இவ்வாறு கிடைத்தது.

நம் தமிழ் மண்ணிலும் அம்மையார் உழைத்தார். 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இருந்த மருத்துவமனையிலும் பணியாற்றினார். இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் அதன் அன்றைய பெயர் சாதி, கோஷா பெண்கள் மருத்துவமனை என்பதாகும். பெயர்ப்பலகையில் சாதி இருந்தது. நுண்ணோக்கியின் கீழ் வைத்த குருதித் துளியிலோ சாதி இல்லை. உண்டதும் உண்ணாததுமே அதில் தெரிந்தன.

ஈஸ்டில் இருந்த அந்த அறியப்படாப் பொருளுக்கு உலகம் வில்ஸ் காரணி என்று பெயரிட்டது. 1941இல் அமெரிக்க ஆய்வாளர் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்றனர். வில்ஸ் காரணியும் அதுவே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1945இல் அதனைச் செயற்கையாக ஆக்கிய ஆய்வுக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். உடலில் புதிய அணுக்கள் பிரிந்து பெருக இச்சத்து இன்றியமையாதது. அது குன்றினால் எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுக்கள் முறையாகப் பிரியாமல் பருத்துவிடுகின்றன.

1947இல் ஓய்வு பெற்ற பின்னும் அம்மையார் ஓயவில்லை. ஜமைக்கா, பிஜி முதலிய நாடுகளுக்குச் சென்று ஊட்டக்குறைவை ஆராய்ந்தார். லண்டன் செல்சியில் தொழிற்கட்சி உறுப்பினராக நகரமன்றப் பணியும் ஆற்றினார். 1964 ஏப்ரல் 16இல் காலமானார்.

இளைஞர்களே! இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் மாத்திரையில் இரும்புச் சத்தோடு இந்த ஃபோலிக் அமிலமும் உண்டு. ஆயினும் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் மாநிலப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையோராகவே காணப்பட்டனர். மரச்சீனிக் கிழங்கால் வயிறு நிறையும். குருதி ஊறக் கீரையும் பயறும் வேண்டும். அவற்றை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் சத்து வீணாகும். நம் இல்லங்களில் ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் எஞ்சியதையே தாய் உண்ணும் வழக்கத்தை இன்றே ஒழிப்போம். பட்டம் மறுக்கப்பட்ட ஒரு பெண் எத்துணை உயிர்களுக்கு வாழ்வளித்தார் என்பதை எண்ணி, நம் பெண்மக்களைத் தடையின்றிப் படிக்க வைப்போம்.