யார் இந்த பெங்களூரு நாகரத்தினம்மாள்? தியாகராஜர் சமாதிக்கு எதிரே இவருக்குச் சிலை ஏன்?

ஒவ்வொரு ஆண்டும் தியாகராஜர் ஆராதனை அன்று, திருவையாறு காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவதை டிவி நேரலையில் பார்த்திருப்பீங்க. நாட்டையில் ஆரம்பித்து ஸ்ரீ ராகத்தில் முடியும் அந்த ஐந்து பாட்டையும் ஆண்களும் பெண்களும் சேர்ந்துதான் பாடுறாங்க. ஆனா நூறு வருஷத்துக்கு முன்னாடி அங்கே பெண்கள் பாடவே முடியாது.

அந்த நிலைமையை மாற்றியவர்தான், தியாகராஜர் சமாதியைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருக்கும் சிலையில் இருக்கும் நாகரத்தினம்மாள்.

1878-ல் மைசூர் அருகே நஞ்சன்கூட்டில், தேவதாசி மரபில் பிறந்தவர். கன்னடம், தெலுங்கு, சமஸ்கிருதம் எல்லாம் படித்தார். பெங்களூருவில் பெயர் வாங்கி, பிறகு சென்னைக்குக் குடிவந்து, அந்தக் காலத்தின் முன்னணிப் பாடகிகளில் ஒருவரானார். வசதிக்கும் குறைவில்லை.

1921-ல் அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து ஒரு தகவல் வந்தது. 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி கவனிப்பாரில்லாமல் கிடக்கிறது என்பதுதான் செய்தி. நாகரத்தினம்மாள் யோசிக்கவே இல்லை. நிலத்துக்கு உரியவர்களிடம் பேசி இடத்தைப் பெற்றார். அதே ஆண்டு அடிக்கல் போட்டார். கையிலிருந்த பணத்தையும் நகைகளையும் கட்டுமானத்துக்கே கொட்டினார். 1926 ஜனவரியில் குடமுழுக்கு நடந்தது.

கோயில் கட்டியாச்சு. அங்கே பாடலாமா? கூடாதுன்னு சொல்லிட்டாங்க!

அப்போது ஆராதனையை நடத்தியவர்கள் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டாகப் பிரிந்திருந்தார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் ஒத்துப்போகாத இந்த இரண்டு கோஷ்டியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: பெண்களுக்கு இடமில்லை. அதிலும் தேவதாசிப் பெண்கள் என்றால் கேட்கவே வேண்டாம்.

நாகரத்தினம்மாள் திரும்பிப் போகவில்லை. 1927-ல் தேவதாசிப் பாடகிகளைத் திரட்டி, தான் கட்டிய அதே சன்னதியின் பின்பக்கத்தில் தனியாக ஆராதனை நடத்தினார். முன்னால் ஆண்கள், பின்னால் பெண்கள். இதற்கு ஊரார் வைத்த பெயர் பெண்கள் கட்சி. பல வருஷம் இப்படியே ஓடியது. 1940-களின் தொடக்கத்தில்தான் மூன்று கட்சியும் ஒன்றானது. இன்று நாம் பார்க்கும், எல்லாரும் சேர்ந்து பஞ்சரத்னம் பாடும் வழக்கம் நிலைபெற்றதும் அதன் பிறகுதான்.

சர்ச்சை அவருக்குப் புதுசில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அரசவையில் இருந்த முத்துப்பழனி எழுதிய தெலுங்குக் காவியம் 'ராதிகா சாந்த்வனமு'. அதை முழுமையாகத் தேடி எடுத்து 1910-ல் பதிப்பித்தார். ஆபாசம் என்று சொல்லி ஆங்கில அரசு தடை போட்டது. ஒரு பெண் எழுதியதால்தான் இத்தனை கூச்சலோ என்று தோன்றுகிறது. சிருங்காரம் எழுதிய ஆண் கவிகளுக்கா பஞ்சம்? டங்குடூரி பிரகாசம் ஆட்சியில்தான் அந்தத் தடை நீங்கியது.

முத்துலட்சுமி ரெட்டியின் தேவதாசி ஒழிப்பு முயற்சியை இவர் எதிர்த்தார் என்பதையும் சொல்லணும். தேவதாசிகளின் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்பது அவர் தரப்பு வாதம். இதில் யார் பக்கம் நியாயம் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

கடைசிக் காலத்தை அவர் திருவையாற்றிலேயே கழித்தார். சொத்தை சமாதிப் பணிக்கே உயில் எழுதி வைத்தார். அதிலும் ஒரு நிபந்தனை: பெண்கள் இங்கே வந்து வழிபடுவதை யாரும் தடுக்கக் கூடாது. 1952 மே 19-ல் காலமானார். அவருடைய சமாதியும் அதே காவிரிக் கரையில், தியாகராஜர் சமாதிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.