சாட்சிக்கு இலக்கணம் வகுத்தவர்

1856-ம் ஆண்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னை ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரெயில் புறப்பட்டது. புதியது கண்டுபிடித்தவருக்கு உரிமை தரும் பேடெண்டு சட்டமும் அதே ஆண்டில்தான் இந்தியாவுக்கு வந்தது.

உரிமை வந்தால் வழக்கும் வரும் அல்லவா? இந்த யந்திரம் புதியதல்ல, முன்பே ஊரில் இருந்ததுதான் என்பார் எதிராளி. யார் சொல்வது மெய்? அதை அறியக் கோர்ட்டுகளுக்கு வழி வகுத்தவர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன்.

வக்கீலும் எழுத்தாளரும்

1829-ல் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் படித்தார். 1854-ல் வக்கீலானார். பத்திரிகைகளுக்கும் ஏராளமாக எழுதினார். 1869-ல் கவர்னர் ஜெனரல் சபையின் சட்ட மெம்பராகக் கல்கத்தா வந்தார்.

அப்போது சென்னை, பம்பாய், கல்கத்தா ஹைகோர்ட்டுகளில் இங்கிலீஷ் விதிகள் நடந்தன. வெளியூர்க் கோர்ட்டுகளிலோ திட்டமான சாட்சிய விதி இல்லை. முன்பு தயாரித்த மசோதா ஒன்று இந்த நாட்டுக்குப் பொருந்தாது என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஸ்டீபன் புதிதாக எழுதினார். 167 பிரிவுகள் கொண்ட அந்தச் சட்டம் 1872 செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்தது.

கண்டவரே வர வேண்டும்

கண்டதைக் கண்டவரே சொல்ல வேண்டும். கேட்டதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். இது 60-வது பிரிவு.

திருவொற்றியூர்ப் பட்டறை ஒன்றில் அந்த யந்திரம் பல வருஷம் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். ஓட்டிய பிட்டரே கூண்டேறிச் சொன்னால் அது சாட்சியம். பிட்டர் சொன்னதாக டீக்கடைக்காரர் வந்து சொன்னால் செல்லாது. காகிதத்தை நீட்டினாலும் போதாது. கையெழுத்து இன்னாருடையதே என்று நிரூபிக்க வேண்டும். ஆனால், இறந்துபோனவர் தொழில் முறையில் எழுதி வைத்த கணக்குக்கு விலக்கு உண்டு.

கடைசிக் காலம்

1872-ல் ஊர் திரும்பிய ஸ்டீபன், 1879-ல் ஹைகோர்ட் நீதிபதியானார். 1889-ல், கணவருக்கு விஷம் வைத்ததாகப் பிளாரன்ஸ் மேபிரிக் என்ற பெண் மீது நடந்த வழக்கை விசாரித்தார். ஜூரிகளுக்கு அவர் கூறிய முடிவுரை ஒருதலைப்பட்சமானது என்று கண்டனம் எழுந்தது. தூக்குத் தண்டனை ஆயுள் தண்டனையாக மாறியது. நீதிபதியின் அறிவு தளர்ந்துவிட்டது என்ற பேச்சும் கிளம்பியது. சாட்சியை எடைபோட விதி செய்தவருக்கே இந்தச் சோதனை! 1891-ல் பதவி விலகினார். 1894 மார்ச் 11-ந் தேதி காலமானார்.

2024 ஜூலை 1-ந் தேதி அவருடைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்தது. பெயர் மாறியது, எண்ணும் மாறியது. ஆனால் அதன் 55-வது பிரிவில் ஸ்டீபனின் விதி அப்படியே இருக்கிறது. இன்றும் பிட்டரேதான் கூண்டேற வேண்டும்.