இரண்டு பக்கமும் டாலி ஆக வேண்டும்!



உங்கள் வீட்டில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால், வேதிச் சமன்பாட்டைச் சமன் செய்ய முடியாமல் அவர்கள் விழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். வணிகவியல் படித்த எனக்கு அது ஐந்தொகை மாதிரிதான் தெரிகிறது. அதற்கு அடித்தளம் போட்ட லவாய்சியரும் கணக்கில் கெட்டிக்காரர்தான்.

1743-ல் பாரிஸில் பிறந்தார். சட்டம் படித்தார், மனம் போனதோ அறிவியல் பக்கம். 1768-ல் மன்னருக்காக வரி வசூலிக்கும் தனியார் நிறுவனத்தில் பங்கு வாங்கினார். அந்த வருமானம் ஆய்வுக்கூடத்துக்கு உதவியது. 1771-ல் மணந்த மேரி ஆன், ஆங்கிலம் கற்று ஆய்வு நூல்களை மொழிபெயர்த்துத் தந்தார். கருவிகளைப் படமாக வரைந்தார்.

எரியும் பொருளிலிருந்து 'ஃபுளோஜிஸ்டன்' என்ற ஒன்று வெளியேறுகிறது என்று அன்று நம்பினார்கள். வெளியேறினால் எடை குறைய வேண்டாமா? சுட்ட உலோகத்தின் எடை கூடுகிறதே! லவாய்சியர் மூடிய குடுவையில் வெள்ளீயத்தைச் சூடாக்கி நிறுத்துப் பார்த்தார். மொத்த எடை மாறவில்லை. திறந்ததும் காற்று உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் எடை கூடியது. உலோகம் காற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டிருக்கிறது! ஷீலேவும் பிரீஸ்ட்லியும் பிரித்தெடுத்திருந்த அந்த வாயுவுக்கு 'ஆக்சிஜன்' என்று பெயரிட்டவர் இவரே.

வினைக்கு முன்னும் பின்னும் பொருளின் அளவு ஒன்றே என்று 1789-ல் வெளியிட்ட நூலில் எழுதினார். திராட்சைச் சாறு புளிப்பதையே ஒரு சமன்பாடாகக் காட்டினார். பாரிஸில் ஒரு வங்கிக்கும் இயக்குநராக இருந்தார்; நம்ம ஆள் என்று நான் பெருமைப்பட்டுக்கொள்கிறேன்!

ஆனால் பிரெஞ்சுப் புரட்சியில் அந்த வரி வசூல் பங்கே அவருக்கு எமனானது. 1794 மே 8 அன்று, மாமனார் உட்பட மற்ற 27 பேருடன் அவரும் கில்லட்டினில் கொல்லப்பட்டார். வயது 50. பறித்த உடைமைகளை அரசு பின்னர் மனைவியிடம் திருப்பித் தந்தது. உயிரைத் திருப்பித் தர முடியுமா? கணவர் விட்டுச்சென்ற ஆய்வுரைகளை மேரி ஆன் அச்சிட்டு வெளியிட்டார்.

இனி பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லிக் கொடுங்கள். ஹைட்ரஜன் மூலக்கூறு 2, ஆக்சிஜன் மூலக்கூறு 1 சேர்ந்தால் தண்ணீர் மூலக்கூறு 2. இடப்பக்கம் ஹைட்ரஜன் அணு 4, ஆக்சிஜன் அணு 2, வலப்பக்கமும் அதே. டாலி! வாய்ப்பாட்டுக்கு முன்னால் போடும் எண்ணை மட்டுமே மாற்றலாம். உள்ளே இருக்கும் சின்ன எண்ணைத் தொட்டால் பொருளே வேறாகிவிடும். அது வவுச்சரைத் திருத்தி டாலி காட்டுவது போல.