நெக்கார் ஆற்றங்கரையில் ஒரு மாணவர்: அல்லாமா இக்பாலின் ஹைடெல்பேர்க் நாட்கள்

ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில் நான் ஆறு வருடங்கள் வேலை செய்தேன். பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் தொழில்நுட்ப உதவியாளர் வேலை. காலையில் நெக்கார் ஆற்றங்கரை வழியாகச் சைக்கிளில் போய் மாலையில் அதே வழியால் திரும்புவேன். நொயென்ஹைம் பக்கத்தில் ஆற்றைப் பார்த்தபடி வரிசையாகப் பழைய வீடுகள் நிற்கின்றன. அவற்றில் 58ஆம் இலக்க வீட்டுச் சுவரில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. எட்டு மாதங்கள் அதைக் கடந்து போயும் நான் கவனித்ததில்லை. ஒருநாள் சைக்கிள் சங்கிலி கழன்று, அந்த வீட்டின் முன்னால் இறங்கி, கையெல்லாம் கிரீஸோடு நிமிர்ந்தபோதுதான் முஹம்மது இக்பால் என்ற பெயரைக் கண்டேன். 1907ஆம் ஆண்டு இங்கே வாழ்ந்தவர் என்று எழுதியிருந்தது.

எங்கள் வீட்டு அலுமாரியில் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையின் 'இக்பால் இதயம்' இருந்தது. வாப்பா அதை யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். மீலாத் விழாப் பேச்சுப் போட்டிகளுக்கு அதிலிருந்துதான் எனக்கு வரிகள் எழுதித் தருவார். ஆகவே என் மனதில் இருந்த இக்பால், கன்னத்தில் கை வைத்து யோசிக்கும் அந்தப் புகைப்படத்தின் இக்பால்தான். பிறக்கும்போதே மேதையாகப் பிறந்து, குத்பாக்களில் மேற்கோள் காட்டப்படுவதற்காகவே வாழ்ந்த ஒருவர். அவர் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து மொழிப்பாடம் படித்தார் என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்தக் காலத்தில் எனக்கே மொழிப்பாடம் பெரிய தலைவலியாக இருந்தது. வேலை முடிந்து கிழமைக்கு மூன்று நாள் மாலை ஜேர்மன் வகுப்பு. ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அலி என்று ஒரு பால் உண்டு. மேசை ஆண், கதவு பெண், புத்தகம் அலி. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. எங்கள் ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். சிறுபிள்ளையைத் திருத்துவது போல எல்லோர் முன்னிலையிலும் என்னைத் திருத்துவார். ஊரில் நான்கு பேருக்குப் படிப்பித்தவன் என்ற நினைப்பு எனக்கு. முதற் பரீட்சையில் தோற்றேன். வகுப்பை விட்டுவிடவே தீர்மானித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் சங்கிலி கழன்றது. அதன்பிறகு இக்பாலின் அந்த நாட்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

இக்பால் 1877 நவம்பர் 9ஆம் திகதி பஞ்சாபின் சியால்கோட்டில் பிறந்தவர். தந்தை நூர் முஹம்மது தையல் தொழில் செய்தவர்; அதிகம் படிக்காதவர், ஆனால் தஸவ்வுபில் தோய்ந்தவர். மீர் ஹஸன் என்ற ஆசான் அரபும் பாரசீகமும் ஊட்டினார். லாஹூர் அரசாங்கக் கல்லூரியில் தோமஸ் ஆர்னல்ட் மெய்யியல் படிப்பித்தார். 1905இல் இக்பால் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியபோது அவர் வெறும் மாணவர் அல்லர். லாஹூரில் விரிவுரையாளர், பொருளியல் பற்றி உருதுவில் நூல் எழுதியவர். இந்தியாவைப் பற்றி 1904இல் அவர் எழுதிய பாட்டு ஏற்கனவே பரவியிருந்தது. செலவைப் பெரும்பாலும் மூத்த சகோதரர் அத்தா முஹம்மது சுமந்தார். ஊரில் மனைவி கரீம் பீயும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். சிறு வயதில் பெரியவர்கள் செய்து வைத்த அந்தத் திருமணம் இருவருக்குமே நிம்மதி தரவில்லை. அவரைப் போற்றும் நம் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டிப் போனால் பின்னால் வரும் பல விடயங்கள் விளங்காது.

கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டே லண்டனில் சட்டமும் படித்தார். கலாநிதிப் பட்டம் பெறும் ஆசையும் இருந்தது. அந்நாளில் கேம்பிரிட்ஜ் அப்படியொரு பட்டம் கொடுக்கவில்லை, ஜேர்மன் பல்கலைக்கழகங்கள் கொடுத்தன. பாரசீகத்தில் மெய்யியல் வளர்ந்த விதம் பற்றிய ஆய்வை மியூனிச் பல்கலைக்கழகத்தில் சமர்ப்பித்தார். அங்கே தங்கிப் படிக்க வேண்டும் என்ற விதியிலிருந்து விலக்கும், ஆய்வை ஆங்கிலத்தில் கொடுக்க அனுமதியும் கிடைத்தன. ஆனால் வாய்மொழிப் பரீட்சைக்கு ஜேர்மன் வேண்டும். அந்த மொழியைப் பிடிக்கத்தான் 1907 ஜூலையில் ஹைடெல்பேர்க் வந்தார். கையில் இருந்தது மூன்று மாதத்துக்கும் குறைவான காலம்.

ஏன் ஹைடெல்பேர்க் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்கு விளங்கும். 1386இல் தொடங்கிய அதன் பல்கலைக்கழகம் இன்றைய ஜேர்மனியில் ஆகப் பழையது. ஒரு கரையில் பழைய நகரமும், அதற்கு மேலே பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் படைகள் சிதைத்த செங்கல் நிறக் கோட்டையும் இருக்கின்றன. மறு கரையில் மலைச்சரிவு. அதில் தத்துவவாதிகள் பாதை என்று ஒரு நடைபாதை. பெயர்தான் பெரிது, முதல் அரை மணித்தியாலம் ஏறும்போது தத்துவம் எதுவும் வராது, மூச்சுத்தான் வாங்கும். ஊர் சிறியது. நடந்தே எல்லா இடத்துக்கும் போகலாம். எங்கு திரும்பினாலும் மாணவர்கள். லண்டனில் தொலைந்து போகிறவன் இங்கே தொலைந்து போகமுடியாது.

அந்த 58ஆம் இலக்க வீடு அப்போது ஷேரர் விடுதி. ஜேர்மன் படிக்க வரும் வெளிநாட்டு மாணவர்கள் அங்கே தங்குவார்கள். இக்பாலுக்கு மொழி கற்பித்தவர் எம்மா வேகெனாஸ்ட். இருபத்தெட்டு வயது. இதே நெக்கார் ஆற்றில் மேலே போனால் வரும் ஹைல்ப்ரொன் நகரைச் சேர்ந்தவர். இக்பாலுக்கு அப்போது இருபத்தொன்பது. இருவரும் கோதேயையும் ஹைனேயையும் சேர்ந்து வாசித்தார்கள். கோதேயின் ஃபவுஸ்டை இக்பால் அறிந்தது அந்த அறையில், எம்மாவின் துணையோடுதான்.

ஆகஸ்டில் பம்பாயைச் சேர்ந்த அத்தியா ஃபைஸி நண்பர்களோடு ஹைடெல்பேர்க் வந்தார். லண்டனில் இக்பாலோடு பழகியவர் அவர். சபையில் யாரையும் விட்டுவைக்காத கூர்மையான நாக்கு, கொஞ்சம் தலைக்கனம், இதுதான் அவர் லண்டனில் கண்ட இக்பால். ஹைடெல்பேர்க்கில் கண்டது வேறொரு மனிதரை என்று பிற்காலத்தில் தன் நூலில் எழுதினார். இங்கே இக்பால் அடக்கமான மாணவர். இரண்டு இளம் ஆசிரியைகள் பிழை பிடிக்க, பணிவோடு ஏற்றுக்கொள்கிறார். ஆற்றில் படகு விடுகிறார், மலைக்கு நடக்கிறார், எல்லோரும் பாடும்போது சேர்ந்து பாட முயல்கிறார்.

இதை வாசித்த அன்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு நாடே பாடிய பாட்டை எழுதியவர், மேசை ஆணா பெண்ணா என்று தடுமாறி, திருத்து வாங்கி, மீண்டும் சொல்லிப் பார்த்திருக்கிறார். எனக்கு என்ன வந்தது? அடுத்த திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன்.

ஒக்டோபரில் இக்பால் மியூனிச் போனார். நவம்பர் 4ஆம் திகதி பரீட்சை முடிந்து கலாநிதியானார். ஆய்வை வழிநடத்தியவர் ஃப்ரிட்ஸ் ஹொம்மெல் என்ற கீழைத்தேய அறிஞர். மறு வருடம் லண்டனில் அந்த ஆய்வு நூலானபோது அதைத் தன் பழைய ஆசான் ஆர்னல்டுக்குச் சமர்ப்பித்தார். 1908இல் சட்டத்தரணியாக லாஹூர் திரும்பினார்.

எம்மாவுக்குக் கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. முதலில் தடுமாறும் ஜேர்மன் மொழியில்; தன் ஜேர்மன் போதாது, மனதில் உள்ளதை எழுத வரவில்லை என்ற வருத்தம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு ஆங்கிலத்தில். அவர் எழுதியவற்றில் இருபத்தேழு கடிதங்கள் தப்பியிருக்கின்றன. எம்மா அவற்றைப் பல தசாப்தங்கள் பத்திரமாக வைத்திருந்து, 1960களின் தொடக்கத்தில் பாகிஸ்தான் ஜேர்மன் நட்புறவு அமைப்பிடம் ஒப்படைத்தார். எம்மா எழுதிய பதில்கள் கிடைக்கவில்லை. இந்தக் கடிதங்களைப் பற்றிப் பேச நம்மில் சிலர் கூச்சப்படுகிறார்கள், சிலர் அவற்றைச் சினிமாக் கதையாக்கப் பார்க்கிறார்கள். நான் வாசித்தவரை அவற்றில் அன்பு இருக்கிறது, ஏக்கம் இருக்கிறது, கண்ணியமும் இருக்கிறது. ஊர் திரும்பிய ஆரம்ப வருடங்களில் இக்பால் குடும்ப வாழ்விலும் தொழிலிலும் மிகவும் மனமுடைந்திருந்தார். அந்த இருளில் ஹைடெல்பேர்க் அவருக்கு ஒரு வெளிச்சமான அறையாக இருந்திருக்கிறது. மீண்டும் வருவேன் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1914இல் யுத்தம் வந்தது. 1931இலும் 1932இலும் வட்டமேசை மாநாடுகளுக்காக லண்டன் போனபோது ஹைடெல்பேர்க் போகத் திட்டமிட்டார். இரண்டு முறையும் பயணம் வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. எம்மாவை அவர் மறுபடி காணவில்லை.

கோதேயின் கதை இங்கே வந்து சேர்வது எனக்கு எப்போதும் வியப்பு. பாரசீகக் கவிஞர் ஹாபிஸை மொழிபெயர்ப்பில் படித்து மயங்கிய கோதே, கிழக்கை நோக்கி எழுதிய கவிதைத் தொகுதி 1819இல் வெளிவந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர்களில் ஒருவர் மரியன்னே ஃபொன் வில்லெமர் என்ற பெண். அவருடைய கவிதைகள் சிலவும் அந்தத் தொகுதிக்குள் இருக்கின்றன. 1815 செப்டெம்பரில் இருவரும் ஹைடெல்பேர்க்கில் சந்தித்துப் பிரிந்தார்கள். அதற்குப் பிறகு அவர்களும் ஒருவரையொருவர் காணவில்லை. அந்தத் தொகுதிக்குப் பதிலாக, கிழக்கிலிருந்து மேற்குக்கு ஒரு செய்தியாக, இக்பால் 1923இல் பாரசீக மொழியில் 'பயாமே மஷ்ரிக்' வெளியிட்டார். ஒரு ஜேர்மன் கவிஞனுக்குச் சமமாக நின்று பதில் சொல்ல முதலில் அவனை அவன் மொழியில் கேட்டிருக்க வேண்டும். அதற்கான விதை ஷேரர் விடுதியில் விழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

மேற்கைக் கடுமையாக விமர்சித்தவர் என்று இக்பாலை நாம் கொண்டாடுகிறோம். அது சரிதான். ஐரோப்பாவில் இருந்தபோதே அதன் இனவாதத் தேசியமும் பொருளாசையும் அவருக்குக் கசந்துவிட்டன. ஆனால் அவர் கோதேயையும் காண்டையும் நீட்ஷேயையும் வாசித்துவிட்டுத்தான் விமர்சித்தார். 1929 ஜனவரியில், செல்வந்தர் ஜமால் முஹம்மது போன்றோரின் ஆதரவில் சென்னையில் அவர் ஆற்றிய விரிவுரைகள் பின்னர் இஸ்லாமிய சிந்தனையின் மீள்கட்டமைப்பு பற்றிய நூலாயின. தமிழ் மண்ணில் முதலில் ஒலித்த அந்தப் பேச்சுகளில் குர்ஆன் வசனங்களுக்குப் பக்கத்தில் ஜேர்மன் மெய்யியலாளர்களும் வருகிறார்கள். எந்த வெள்ளைக்கார நூலையும் தொடாமல் மேற்கைத் திட்டும் நம் பேச்சாளர்கள் சிலர் இக்பாலை மேற்கோள் காட்டும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஹைடெல்பேர்க் அவரை மறக்கவில்லை. ஆற்றின் தென்கரையில் ஒரு வீதிக்கு இக்பால் கரை என்று பெயர். அந்த ஊரின் ஒரு மாலையைப் பற்றி அவர் உருதுவில் எழுதிய சிறு கவிதையின் ஜேர்மன் மொழிபெயர்ப்பும் ஆற்றோரம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆறும் மலையும் அடங்கிய இரவைப் பற்றிய கவிதை; முடிவில் மட்டும் ஒரு துக்கம் எட்டிப் பார்க்கும். பல்கலைக்கழகத்தின் தெற்காசிய நிறுவனத்தில் உருது படிப்பிக்கிறார்கள், தமிழும் படிப்பிக்கிறார்கள். அங்கே தமிழ் படிக்கும் ஜேர்மன் மாணவர் ஒருவர் எங்கள் ஊர்ப் பேச்சில் 'கிழமை' என்றால் நாளா, வாரமா என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். இரண்டும்தான் என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கு என் ஆசிரியை ஞாபகம் வந்தார். இரண்டாவது தடவை நான் பரீட்சையில் சித்தியடைந்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இக்பாலின் இறுதி வருடங்கள் நோயோடு கழிந்தன. குரல் கம்மிப் போனது, பார்வை மங்கியது. 1935இல் மனைவி சர்தார் பேகம் இறந்தார். சிறு பிள்ளைகள் ஜாவிதையும் முனீராவையும் பார்த்துக்கொள்ள 1937இல் ஒரு ஜேர்மன் பெண்மணி லாஹூர் வீட்டுக்கு வந்தார். முப்பது வருடங்களுக்கு முன் கற்ற மொழியில் இக்பால் அவரோடு பேசினார்.

1938 ஏப்ரல் 20ஆம் திகதி மாலை ஒரு விருந்தாளி வந்தார். ஃபொன் ஃபெல்ட்ஹைம் என்ற ஜேர்மன் பிரபு, மாணவக் காலத்துப் பழக்கம். கட்டிலில் சாய்ந்தபடி இக்பால் அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். ஜேர்மனியில் கழித்த இளமை நாட்களைப் பற்றியும் பேச்சு வந்தது. மறுநாள் அதிகாலையில் அவர் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.