பிழையை எழுதிவைக்கச் சொல்லித்தந்த கிறேஸ் ஹொப்பர்

நமது லாங்கன்தாலில் பீங்கான் தொழிற்சாலை தொடங்கிய 1906ஆம் ஆண்டில்தான், டிசம்பர் 9ஆம் திகதி, நியூயோர்க்கில் கிறேஸ் ஹொப்பர் பிறந்தார். கணினியும் கைத்தொலைபேசியும் திடீரெனக் காட்டும் பிழைச் செய்திகள் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கும்போது இந்த அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உதவுகிறது.

சிறுவயதில், எப்படி ஓடுகிறது என்று அறிய வீட்டிலிருந்த ஏழு மணிக்கூடுகளைக் கழற்றிப் போட்டவர் அவர். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். போர்க்காலத்தில், 1943இல், அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, மறு ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணினியில் வேலைக்கு அனுப்பப்பட்டார்.

1947 செப்டெம்பர் 9ஆம் திகதி அங்கே மார்க் 2 கணினியின் ரிலே ஒன்றுக்குள் அந்துப்பூச்சி ஒன்று கிடந்தது. கண்டுபிடித்தவர் ஹொப்பர் அல்ல, உடன் வேலை செய்தவர்கள். கதையை உலகறியச் செய்தவர் அவர். பூச்சியைப் பதிவேட்டில் ஒட்டி, நேரம் பிற்பகல் 3.45, ரிலே இலக்கம் 70 என்று எழுதிவைத்தார்கள். பழுதுபார்ப்பவருக்குத் தேவையானது இப்படியான துல்லியம்தான்.

ஆனால் பாவிப்பவருக்கு அந்த இலக்கம் எதற்கு? அவருக்குத் தேவை புரிகிற மொழி. 1952இல் முதல் கொம்பைலர்களில் ஒன்றை உருவாக்கிய ஹொப்பர், பின்னர் ஆங்கிலச் சொற்களாலேயே கணினிக்குக் கட்டளையிட வழிசெய்தார். பிரெஞ்சிலும் டொச்சிலும்கூட அது முடியும் என்று காட்டியபோது நிறுவன மேலாளர்கள் திகைத்தார்கள். அமெரிக்க இயந்திரத்துக்கு அந்நிய மொழி எப்படி விளங்கும் என்பது அவர்கள் எண்ணம். இயந்திரத்துக்கு எல்லா மொழியும் வெறும் குறிகளே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 1959இல் தொடங்கிய கோபோல் மொழிக்கு அவரது வேலையே அடித்தளமானது. 1986இல், 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வுபெற்ற அவர் 1992 ஜனவரி 1ஆம் திகதி காலமானார்.

இணையத்தில் விண்ணப்பம் நிரப்பும் நம் பெற்றோர், விளங்காத எண்ணொன்று திரையில் வந்ததும் தாங்கள்தான் எதையோ கெடுத்துவிட்டதாகப் பயந்து, பாதியில் விட்டுவிடுகிறார்கள். பிழை யாருடையது, எழுதியது சேமிக்கப்பட்டதா, அடுத்து என்ன செய்வது என்பதை நல்ல மென்பொருள் எளிய சொற்களில் சொல்ல வேண்டும். எண்ணையும் நேரத்தையும் பொறியாளருக்கான பதிவில் வைக்க வேண்டும். மென்பொருள் படிக்கும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்கட்டும். அதுவரை, அப்படியொரு செய்தி வந்தால் பயப்படாமல் ஒரு படம் எடுத்து, நேரத்தையும் குறித்து வைப்போம்.